படத்தொகுப்பு மேசை யாருடையது?
சேனல் 4 தொலைக்காட்சியும் ஒடுக்கப்பட்டோர் சினிமாவும்

(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



மறைந்த தோழர் விட்டுச்சென்ற கேள்விகளை எடுத்துப் பேசுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று இந்த அமைப்பு கருதுகிறது. ‘நம் கதையை யார் சொல்வது?’ என்பது அவற்றில் முக்கியமானது. 1990களில் தலித் இலக்கியம் குறித்துத் தமிழில் நடந்த விவாதங்களின் நடுவில் நின்ற கேள்வியும் அதுதான். இலக்கியத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் தொடங்கிவிடலாம். சினிமாவில் அப்படி முடியாது. கேமரா வேண்டும், ஆட்கள் வேண்டும், மாதக்கணக்கில் சோறு வேண்டும், எடுத்ததைக் காட்டத் திரை வேண்டும். எனவே சினிமாவில் ‘யார் சொல்வது’ என்று கேட்கும்போதே ‘யார் பணம் கொடுப்பது, யார் காட்டுவது’ என்றும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

அதற்காக இன்று பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியை எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. 2011 ஜூன் மாதம் அது ஒளிபரப்பிய ‘ஸ்ரீலங்காஸ் கில்லிங் ஃபீல்ட்ஸ்’ ஆவணப்படத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். போரின் இறுதி மாதங்களில் சிக்கிக்கொண்ட மக்களும், அவர்களைச் சுற்றி வளைத்த சிப்பாய்களும் எடுத்த காட்சிகளைக் கொண்டு கேலம் மேக்ரே இயக்கிய படம் அது. ஒரு தொலைக்காட்சி நிலையம் துணிந்து காட்டினால் என்ன நடக்கும் என்பதை அப்போது உலகம் கண்டது. ஆனால் நாங்கள் பேச விரும்புவது அதற்கு முந்தைய காலத்தை. இதே நிலையம் 1980களில் ஒடுக்கப்பட்டோரின் கையில் கேமராவைக் கொடுத்தது. 1990களில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த, உயிரோடிருந்த ஒரு பெண்ணின் கதையை அவள் சம்மதமில்லாமல் திரையில் ஏற்றியதிலும் அதற்குப் பங்கு உண்டு. இரண்டையும் ஒரே நிலையம் எப்படிச் செய்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

சட்டமும் பணமும்

சேனல் 4 தன் ஒளிபரப்பை 1982 நவம்பர் 2ஆம் தேதி தொடங்கியது. அப்போது ஆட்சியில் இருந்தது மார்கரெட் தாட்சரின் அரசு. தொழிற்சங்கங்களை ஒடுக்கிய அதே ஆட்சியில்தான் இந்த நிலையமும் பிறந்தது. காரணம் இல்லாமல் இல்லை. சிறிய தனியார் தயாரிப்பு நிறுவனங்களுக்குச் சந்தை திறக்க வேண்டும் என்று அரசு விரும்பியது. தங்களுக்கு இடமே தராத தொலைக்காட்சியில் கதவு திறக்க வேண்டும் என்று சுயாதீனத் திரைக்கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவந்தார்கள். இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தன.

வேல்ஸில் நடந்ததையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேல்ஷ் மொழிக்குத் தனி அலைவரிசை தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியது. வேல்ஷ் தேசியக் கட்சியின் மூத்த தலைவர் குவின்ஃபர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக 1980இல் அறிவித்தார். அரசு பணிந்தது. சேனல் 4க்கு ஒரு நாள் முன்னதாக, 1982 நவம்பர் 1ஆம் தேதி, வேல்ஷ் மொழி அலைவரிசை வந்துவிட்டது. 1981 ஏப்ரலில் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் கறுப்பின இளைஞர்கள் போலீஸுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த புதிய அலைவரிசை கறுப்பின, ஆசிய மக்களுக்கென்று நேரம் ஒதுக்கியதை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

சட்டம் அந்த நிலையத்துக்கு ஒரு கடமையை விதித்தது. ஏற்கெனவே இருந்த வணிகத் தொலைக்காட்சியான ஐடிவி கண்டுகொள்ளாத மக்களின் ரசனைக்கும் தேவைக்கும் இடம் தர வேண்டும். வடிவத்திலும் உள்ளடக்கத்திலும் புதுமையையும் பரிசோதனையையும் ஊக்குவிக்க வேண்டும். ஒரு புத்தகப் பதிப்பகம்போல, வெளியார் ஆக்குவதை வாங்கி வெளியிடுவதுதான் அப்போது அதன் வேலையாக இருந்தது. பெரும்பாலான நிகழ்ச்சிகளை அது தானே தயாரிக்கவில்லை.

பணம் வந்த வழி இன்னும் முக்கியம். தொடக்கத்தில் சேனல் 4 தன் விளம்பரங்களைத் தானே விற்கவில்லை. ஐடிவி நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஒரு தொகையைச் செலுத்தின. பதிலுக்கு, அந்தந்தப் பகுதியில் சேனல் 4இன் விளம்பர நேரத்தை விற்றுக்கொண்டன. இதனால் ‘இந்தப் படத்தை எத்தனை பேர் பார்ப்பார்கள், எந்த சோப்பு கம்பெனி விளம்பரம் கொடுக்கும்’ என்ற கணக்கு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பவரின் கழுத்தை நெரிக்கவில்லை. பணக்கார அலைவரிசையின் லாபத்தில் ஒரு பங்கு, லாபம் தராத குரல்களுக்குப் போகும்படி சட்டமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்திருந்தது.

தொலைக்காட்சிக்கு எடுத்த படம் திரையரங்குக்குப் போனது

முதல் நாள் இரவே சேனல் 4 ஒரு முழுநீளப் படத்தை ஒளிபரப்பியது. ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் இயக்கிய ‘வால்டர்’. மனவளர்ச்சி குன்றிய ஒரு மனிதன், தாய் இறந்த பிறகு காப்பகத்தில் படும் பாட்டைச் சொல்லும் கதை. ‘ஃபிலிம் ஆன் ஃபோர்’ என்ற வரிசையின் முதல் படம் அது. நிலையத்தின் கதைப்படப் பிரிவுக்குத் தலைமை வகித்த டேவிட் ரோஸ், லண்டனுக்கு வெளியே பர்மிங்ஹாமில் பிபிசியின் நாடகப் பிரிவை நடத்திய அனுபவம் உள்ளவர்.

இந்த வரிசையில் பெரிய திருப்பத்தைத் தந்த படம் 1985இல் வந்த ‘மை பியூட்டிஃபுல் லாண்டரெட்’. பாகிஸ்தானியக் குடும்பத்துப் பையனும், இனவெறிக் கும்பலோடு சுற்றிய வெள்ளைக்காரத் தொழிலாளர் வர்க்கப் பையனும் காதலர்களாகி, ஒரு சலவைக் கடையை நடத்தும் கதை. எழுதியவர் ஹனிஃப் குரேஷி. தந்தை வழியில் பாகிஸ்தானியர். தொலைக்காட்சிக்கென்று 16 எம்.எம். ஃபிலிமில் குறைந்த செலவில் எடுத்தார்கள். எடின்பரோ திரைப்பட விழாவில் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, 35 எம்.எம்.முக்கு மாற்றித் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். குரேஷியின் திரைக்கதை ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

இதிலும் ஒரு தடை இருந்தது. திரையரங்கில் வெளியான படத்தைப் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று திரையரங்கு உரிமையாளர்கள் விதி வைத்திருந்தார்கள். பணம் போட்ட நிலையம் படத்தைத் திரையரங்குக்கு அனுப்பினால், தன் வீட்டுத் திரையில் காட்டக் காத்துக்கிடக்க வேண்டும். குறைந்த செலவுப் படங்களுக்கு இந்த விதி 1986இல்தான் தளர்த்தப்பட்டது. ஒரு படம் மக்களைச் சேருமா என்பதை இப்படிப்பட்ட வியாபார விதிகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

பட்டறைகள்

இதுவரை சொன்னது தனித்தனிப் படங்களின் கதை. நமக்கு மிகவும் நெருக்கமானது இனி சொல்லப்போவது.

1982இல் ஓர் ஒப்பந்தம் உருவானது. ‘பட்டறைப் பிரகடனம்’ என்று அதைச் சொல்லலாம். திரைத் தொழிலாளர் சங்கமான ஏ.சி.டி.டி., பிரிட்டிஷ் திரைப்படக் கழகம், வட்டாரக் கலை மன்றங்கள், சேனல் 4 ஆகியவை அதில் சேர்ந்தன. லாப நோக்கமில்லாத, முழுநேரமாக வேலை செய்யும் குறைந்தது நான்கு பேர் கொண்ட திரைக்குழுக்களுக்குச் சங்கம் அங்கீகாரம் கொடுக்கும். நிலையமும் மற்ற அமைப்புகளும் அந்தக் குழுவுக்குச் சம்பளமும் கருவிகளும் தரும். படம் எடுப்பதோடு, எடுத்ததை ஊர்களில் காட்டுவது, விவாதிப்பது, பயிற்சி கொடுப்பது, ஆவணங்களைச் சேர்த்துவைப்பது எல்லாம் குழுவின் வேலையாக ஏற்கப்பட்டன. எடுத்த படத்தின் மீதான உரிமை குழுவிடம் இருந்தது. சேனல் 4இல் இதைக் கவனித்தவர் ஆலன் ஃபவுண்டன். ‘தி லெவன்த் அவர்’ என்ற பின்னிரவு வரிசையில் இந்தப் படங்கள் ஒளிபரப்பாகின.

இதன் அருமையை அனுபவத்தில் அறிந்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். நமக்குக் கிடைக்கும் நிதி எப்போதும் ஒரு படத்துக்கு, ஒரு நிகழ்ச்சிக்கு, ஒரு மலருக்கு என்று வரும். அது முடிந்ததும் குழு கலைந்துவிடும். அடுத்ததற்கு மறுபடி கையேந்த வேண்டும். பட்டறை ஒப்பந்தம் குழுவின் வாழ்க்கைக்கே நிதி கொடுத்தது. தோற்றுப்போவதற்கும், யோசிப்பதற்கும், காத்திருப்பதற்கும் காலம் கொடுத்தது.

அந்தக் காலத்தை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள்? வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசிலில் இயங்கிய ‘ஆம்பர்’ குழுவைப் பாருங்கள். கடற்கரையில் ஒதுங்கும் நிலக்கரியைக் குதிரை வண்டியில் அள்ளி விற்றுப் பிழைத்த மக்கள் லைன்மவுத்தில் இருந்தார்கள். அவர்களுடைய முகாமிலேயே ஒரு கேரவன் வண்டியை வாங்கிப் போட்டு, அவர்களோடு தங்கிப் பழகி, ‘சீகோல்’ என்ற படத்தை 1985இல் முடித்தது ஆம்பர். நான்கு நாள் படப்பிடிப்புக்கு ஜீப்பில் வந்திறங்கும் குழுவால் எடுக்க முடியாத படம் அது.

கறுப்பின, ஆசிய இளைஞர்களும் இதே ஏற்பாட்டில் குழுக்களாக எழுந்தார்கள். சன்கோஃபா, செட்டோ, பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ், ஆசியர்களின் ரீடேக் ஆகியவை முக்கியமானவை. 1985 செப்டம்பரில் பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் கலவரம் வெடித்தது. செய்தி ஊடகங்கள் வழக்கம்போல எரியும் கடைகளையும் ‘வெறிபிடித்த கும்பலையும்’ காட்டின. பிளாக் ஆடியோ குழு அங்கே போனது. ஜான் அகம்ஃப்ரா இயக்கத்தில் 1986இல் வெளிவந்த ‘ஹேண்ட்ஸ்வொர்த் சாங்ஸ்’ யார் கல் எறிந்தது என்று விசாரிக்கவில்லை. கரீபியனிலிருந்தும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் உழைக்க வந்தவர்களின் பழைய செய்திப்படக் காட்சிகள், புகைப்படங்கள், கவித்துவமான குரல்கள், இரைச்சலும் இசையும் கலந்த ஒலி ஆகியவற்றை அடுக்கி, இந்தக் கோபத்துக்கு எத்தனை வயது என்று கேட்டது. பிரிட்டனின் மதிப்புமிக்க கிரியர்சன் விருது அதற்குக் கிடைத்தது.

படத்தைப் பற்றி எழுந்த சண்டை நம் காதுக்குப் பழகியது. சல்மான் ருஷ்டி 1987 ஜனவரியில் ‘கார்டியன்’ இதழில் படத்தைச் சாடினார். அந்த மக்கள் தங்கள் கதையைத் தங்கள் வாயால் சொல்வது படத்தில் கேட்கவில்லை என்பது அவருடைய குறை. ஸ்டூவர்ட் ஹால் பதில் எழுதினார். ஒரு புதிய மொழியைக் கண்டடைய அந்த இளைஞர்கள் படும் பாட்டை ருஷ்டி காணத் தவறிவிட்டார் என்பது அவர் வாதம். நம்மிடமும் இதே விவாதம் உண்டு. வலியை நேராகச் சொல்லும் தன்வரலாறு போதுமா, வடிவத்தையே உடைக்கும் எழுத்து வேண்டுமா என்று எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறோம்! எங்கள் பார்வையில், ஒடுக்கப்பட்டோர் ‘சாட்சி’ மட்டுமே சொல்ல வேண்டும், ‘கலை’ மற்றவர்களுக்கானது என்ற பங்கீட்டை ஹேண்ட்ஸ்வொர்த் இளைஞர்கள் மறுத்தார்கள். அவர்களை மறுக்கத் துணியவைத்ததில் மாதச் சம்பளத்துக்கும் பங்கு உண்டு.

ஒளிபரப்பாகாத படம்

இதைக் கேட்டு சேனல் 4க்கு மாலை போட வேண்டியதில்லை. 1985 அக்டோபரில் லண்டனின் டாட்டன்ஹாமில் சிந்தியா ஜாரட் என்ற கறுப்பினத் தாய், போலீஸார் தன் வீட்டைச் சோதனையிட்டபோது விழுந்து இறந்தார். மறுநாள் பிராட்வாட்டர் ஃபார்ம் குடியிருப்பில் பெரும் மோதல். ஒரு காவலரும் கொல்லப்பட்டார். அங்கே வாழும் மக்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று செட்டோ குழு ‘தி பீப்பிள்ஸ் அக்கவுண்ட்’ படத்தை எடுத்தது. மக்களின் கணக்கு என்று பொருள். சேனல் 4க்காக எடுக்கப்பட்ட படம்தான். ஆனால் ஒளிபரப்பைக் கண்காணித்த ஐ.பி.ஏ. ஆணையம், போலீஸை இனவெறியர்கள் என்று சொல்லும் இடங்கள் முதலியவற்றை மாற்றச் சொன்னது. குழு இணங்கவில்லை. படம் ஒளிபரப்பாகவே இல்லை.

அந்தக் காவலர் கொலை வழக்கில் 1987இல் தண்டிக்கப்பட்ட மூவரின் தண்டனை 1991இல் மேல்முறையீட்டில் ரத்தானது. போலீஸை மக்கள் நம்பாததற்குக் காரணம் இருந்தது என்பதை நீதிமன்றத்தின் தீர்ப்பே பின்னால் காட்டியது. மக்கள் சொன்ன கணக்கோ பெட்டிக்குள் இருந்தது. படம் எடுக்கப் பணம் கிடைப்பது பாதி உரிமை. அதைக் காட்டும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பது மறுபாதி.

பூலன் தேவியும் அதே அலைவரிசையும்

இனி இந்தியாவுக்கு வருவோம். சேனல் 4இன் பணத்தில் உருவான ‘பாண்டிட் குவீன்’ 1994இல் கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் காட்டப்பட்டது. இயக்கியவர் சேகர் கபூர். பூலன் தேவி சிறையில் இருந்தபோது வெளியே அனுப்பிய குறிப்புகளைக் கொண்டு மாலா சென் திரைக்கதை எழுதினார். சேனல் 4இல் பல்லினப் பண்பாட்டு நிகழ்ச்சிகளின் பொறுப்பாளராக இருந்தவர் ஃபரூக் தோண்டி. புனேயில் பிறந்தவர், பிரிட்டனின் கறுப்பின இயக்கங்களில் பங்கெடுத்தவர். முடிவெடுக்கும் நாற்காலியில் நம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பூலன் தேவி படகோட்டிகளான மல்லா சாதியில் பிறந்தவர். சாதி இந்துக்களான தாக்கூர்கள் தன்னை வன்புணர்ந்தார்கள் என்று சொன்னவர். 1983இல் சரணடைந்து, விசாரணையே முடியாமல் 11 ஆண்டுகள் சிறையில் இருந்து, 1994இல்தான் வெளியே வந்தார். பெஹ்மய் கொலைகளில் தான் சுடவில்லை என்று சொல்லிவந்தார். வழக்குகள் நிலுவையில் இருந்தன. இந்த நிலையில் ‘இது உண்மைக் கதை’ என்ற அறிவிப்போடு படம் வந்தது. அவருடைய உடல்மீது நடந்த வன்முறையை விரிவாகக் காட்டியது. தன் வாழ்க்கையைத் தன் அனுமதியின்றிக் காட்டக் கூடாது என்று அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் தடை விதித்தது. உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் வன்புணர்வை அவள் சம்மதமில்லாமல் மறுபடி நிகழ்த்திக் காட்ட யாருக்கு உரிமை என்று அருந்ததி ராய் அப்போதே எழுதினார். பிறகு சேனல் 4இடமிருந்து பணம் பெற்றுக்கொண்டு பூலன் தேவி சமரசத்துக்கு வந்தார். அந்தத் தொகை 40,000 பவுண்டு என்று செய்திகள் வெளியாயின.

அவர் விலை போய்விட்டார் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. 11 ஆண்டுகள் சிறையிலிருந்து வெறுங்கையோடு வந்த ஒரு பெண், கண்டம் தாண்டிய ஒரு நிறுவனத்தைத் தனியே எதிர்த்து எத்தனை நாள் வழக்காட முடியும்? ஏளனம் செய்தவர்கள் அதைக் கேட்கவில்லை.

வழக்கு அதோடு முடியவில்லை. படம் தங்கள் சாதியை இழிவுபடுத்துவதாகக் குஜ்ஜார் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் படத்தை வெளியிடலாம் என்று தீர்ப்பானது. கருத்துச் சுதந்திரத்துக்கு அந்தத் தீர்ப்பு தேவையானதுதான். பூலன் தேவியின் மறுப்பு பணத்தில் முடிந்தது. சாதியின் மானமோ உச்ச நீதிமன்றம் வரை வாதாடப்பட்டது. இந்தியாவில் எந்தப் புண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இந்த இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் படித்தால் தெரியும்.

‘பாண்டிட் குவீன்’ பயனற்ற படம் என்று நாங்கள் சொல்லவில்லை. சாதிக்கும் பாலியல் வன்முறைக்கும் உள்ள உறவை மறைக்காமல் உலகத்தின் முன் வைத்தது. சீமா பிஸ்வாஸின் நடிப்பை மறக்க முடியாது. ஆனால் ஹேண்ட்ஸ்வொர்த்தையும் பெஹ்மயையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டறையில் கதைக்கு உரியவர்களின் சமூகமே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்தது. பூலன் தேவி மூலப்பொருளாக இருந்தார். நிலக்கரி எடுத்த இடம்போல.

வாய்க்கால் அடைபட்டது

1990இல் பிரிட்டனில் புதிய ஒளிபரப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1993 முதல் சேனல் 4 தன் விளம்பரங்களைத் தானே விற்றுப் பிழைக்க வேண்டியதாயிற்று. பார்வையாளர் கணக்கு உள்ளே நுழைந்தது. பட்டறைகளுக்கான தொடர் நிதி 1990களின் தொடக்கத்தில் நின்றது. பல குழுக்கள் கலைந்தன. பிளாக் ஆடியோ 1998இல் முடிந்தது.

நிலையத்தின் திரைப்படப் பிரிவு ‘ஃபிலிம்4’ என்ற பெயரில் தொடர்கிறது. மும்பைச் சேரியைக் காட்டி எட்டு ஆஸ்கர் வென்ற ‘ஸ்லம்டாக் மில்லியனர்’, கறுப்பின இயக்குநர் ஸ்டீவ் மெக்வீனின் ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ ஆகியவற்றில் அதன் பங்கு உண்டு. பட்டறையில் வளர்ந்த ஜான் அகம்ஃப்ரா 2024இல் வெனிஸ் கலை விழாவில் பிரிட்டனின் பிரதிநிதியாக நின்றார். தனிமனிதர்கள் உயர்ந்தார்கள், மகிழ்ச்சி. அடுத்த அகம்ஃப்ராவை உருவாக்கும் ஏற்பாடு மட்டும் இல்லாமல் போனது.

நம் கோரிக்கை

இங்கே நம்மிடம் என்ன இருக்கிறது? பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறி 1997இல் நடைமுறைக்கு வந்தது. சமூக நீதியை வளர்ப்பதும், சுரண்டலையும் ஏற்றத்தாழ்வையும் தீண்டாமையையும் எதிர்ப்பதும் பொது ஒளிபரப்பின் கடமை என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. ‘தீண்டாமை’ என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சம்பளமாக, கருவியாக, ஒளிபரப்பு நேரமாக மாற்றக் கேட்பது நம் வேலை.

பொதுப் பணத்தில் எடுத்தாலும் படம் தானாக நம்மிடம் வந்துவிடாது என்பதற்கு ஜப்பார் படேல் இயக்கிய அம்பேத்கர் படமே சாட்சி. 2000இல் முடிந்த அந்தப் படம், சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்த பிறகு 2010 டிசம்பரில்தான் தமிழில் திரையரங்குக்கு வந்தது. பாபாசாகேபின் படத்துக்கே பத்தாண்டு.

ஆகவே மாணவர்களுக்கும் செயற்பாட்டாளர்களுக்கும் நாங்கள் சொல்வது இவைதான். ஒரு படத்துக்கான நிதியைவிட ஒரு குழுவுக்கான தொடர் நிதியைக் கேளுங்கள். படத்தின் உரிமை யாரிடம் என்பதை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் வரை படித்துப் பாருங்கள். எங்கே, எப்போது காட்டப்படும் என்பதைப் படம் எடுக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். நம் ஆட்களே எடுத்தாலும், படத்தில் வரும் உயிருள்ள மனிதர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் நிறுத்தும் மனம் இருக்கட்டும். பூலன் தேவிக்கு நடந்ததை நம் கேமராவும் செய்துவிடக்கூடும்.

சேனல் 4இன் அந்தப் பத்தாண்டு பிரிக்ஸ்டனின் தெருவிலும், வேல்ஸின் உண்ணாவிரத அறிவிப்பிலும், தொழிற்சங்கத்தின் பேச்சுவார்த்தை மேசையிலும் வாங்கப்பட்டது. சட்டத்தை மாற்றியதும் பறிபோனது. நமக்குச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கேட்கத் தொடங்குவோம். மறைந்த தோழர் இருந்திருந்தால், இன்று மாலையே மனு எழுத உட்கார்ந்திருப்பார்.